சேட் பொக்கற்றில் இருந்த குளிசை

கிணற்றடியில் உடுப்புத் தோய்க்க முன் பொக்கற் பார்ப்பது என் பழக்கம். சந்தேகத்தில் இல்லை. இவர் பஸ் டிக்கற், ஆணி, சில்லறை எல்லாவற்றையும் பொக்கற்றிலேயே விட்டுவிடுவார். டிக்கற் நனைந்தால் கரைந்து மற்ற உடுப்பிலெல்லாம் ஒட்டும். அன்று கையில் வந்தது ஒரு குளிசை காட். பத்தில் எட்டு இல்லை. ஓரம் கிழிந்திருந்தாலும் பெயரை வாசிக்க முடிந்தது: சிப்ரோபுளொக்சசின். மாமிக்கு மூத்திரக் கடுப்பு வந்தபோது ஆஸ்பத்திரியில் தந்த அதே குளிசை.

"என்னப்பா, உங்களுக்கும் மூத்திரக் கடுப்பே? சொல்லவேயில்லை" என்று கேட்டேன். அக்கறையில்தான் கேட்டேன். கொழும்புப் பக்கம் கட்டட வேலைக்குப் போய் வெயிலில் நிற்கிறவர், தண்ணீர் ஒழுங்காகக் குடித்திருக்க மாட்டார், ரெண்டு இளநீர் வெட்டிக் கொடுப்போம் என்றுகூட நினைத்தேன். அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுமொழி வரவில்லை.

இரவு பிள்ளைகள் படுத்தபின் சொன்னார். வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண். மூன்று நான்கு தரம். ஆணுறை பாவிக்கவில்லை. பிறகு மூத்திரம் போகும்போது எரிவு வந்திருக்கிறது, சீழ் மாதிரி வடிந்திருக்கிறது. பயந்துபோய் அங்கே ஒரு பாமசியில், டொக்டரின் துண்டும் இல்லாமல் சோதனையும் இல்லாமல், குளிசை வாங்கிப் போட்டிருக்கிறார். எரிவு குறைந்துவிட்டது. "இப்ப ஒண்டும் இல்லை" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரமும் சொன்னார், "ஒண்டும் இல்லை."

அவள் யார் என்று நான் கேட்கவில்லை. "எப்ப?" என்றுதான் கேட்டேன். அந்த இடைக்குள் இவர் இரண்டு தரம் லீவில் வந்து போயிருந்தார். எழும்பிப்போய்ச் சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி வந்து, போன் வெளிச்சத்தில் நாள் எண்ணினேன். அழவேண்டிய இரவில் நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது பல வாரங்களுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

இதை எழுதுவது அந்த நாள் எண்ணுதலைப் பற்றிச் சொல்லத்தான். இப்படியொரு இரவில் என்னைப்போல ஒருத்தி போனை வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தால், அவளுக்கு நம்முடைய ஊர்ப் பேச்சில் ஏதாவது கிடைக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அன்று எனக்குக் கிடைக்கவில்லை.

நான் தேடிக் கண்டது எல்லாம் அறிகுறிகள். காய்ச்சல், தொண்டை நோ, தோலில் தடிப்பு, நெறிகட்டுதல், வெள்ளைபடுதல். எந்தப் பெண்ணுக்கு எப்போதாவது வெள்ளைபடாமல் இருக்கிறது? வயலுக்குள் இறங்கினால் யாருக்குத்தான் கால் கடிக்காது? ஆனால் வாசித்த ஒவ்வொன்றும் என் உடம்பில் இருப்பதாகப் பட்டது. அதிகாலை மூன்று மணிக்குக் கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பூட்டிக்கொண்டு பார்த்தேன். விடிந்ததும் திரும்பப் பார்த்தேன். நாலைந்து நாளில் சாப்பாடு இறங்கவில்லை, மெலிந்துவிட்டேன். மெலிந்தது தெரிந்ததும் அதுவும் ஓர் அறிகுறி ஆகிவிட்டது.

ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சின்னவளுக்கு ஆறு வயது. தானே சாப்பிடுவாள், ஆனால் இரவில் நான் குழைத்துத் தீத்தினால்தான் வயிறு நிறையும். என் கோப்பையிலேயே சோற்றையும் பருப்பையும் குழைத்து, அவளுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். அந்தக் கிழமை அதை நிறுத்தினேன். வேறு கோப்பை, வேறு துவாய், வேறு சவர்க்காரம். "அம்மா, என்னோட கோவமே?" என்று கேட்டாள். கோப்பையால் பரவாது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவள் நான். தெரிந்தது தலையில் இருந்தது. கை கேட்கவில்லை. அவள் தனியாக இருந்து சாப்பிட்டுப் பாதியில் எழும்பியதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

யாரிடம் சொல்வது? எங்கள் ஊர் முத்தையன்கட்டுப் பக்கம். ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவள் தன் மனுசனை 2009 மே மாதம் வட்டுவாகலில் கண்முன்னே இராணுவத்திடம் கையளித்தவள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்துக்குப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் போய் வந்தவள். அவளிடம் போய் என் மனுசன் இப்படிச் செய்துவிட்டார் என்று எந்த வாயால் சொல்வேன்? "உனக்கு ஆள் கண்ணுக்கு முன்னாலை இருக்கிறாரே" என்று அவள் சொல்லமாட்டாள். ஆனால் சொல்லியதாக நானே கேட்டுக்கொள்வேன். வன்னியில் உயிரோடு இருக்கும் புருசனைப் பற்றி முறையிடுவதற்குக் கூச்சம் அதிகம். அந்தக் கூச்சத்துக்குள் எத்தனையோ பெண்கள் வாய்மூடி இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

செல்லடிக் காலத்திலும் பயந்தோம். அந்தப் பயம் எல்லோருக்கும் பொது. பங்கருக்குள் பத்துப் பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பயந்தோம். இந்தப் பயத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை. முன்பு பிடித்த கைதான் இதைக் கொண்டுவந்தது. செட்டிகுளம் மெனிக்பாம் அகதி முகாமில் தண்ணீர் வரிசையில், தன் கானை ஒதுக்கிவைத்து எங்கள் அம்மாவின் இரண்டு கானையும் முதலில் நிரப்பிவிட்ட மனிதர் இவர். அப்படித்தான் பழக்கம் வந்தது.

கடைசியில் சொன்னது எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம். என்னைவிட வயது குறைந்தவ. சின்னவள் வயிற்றில் இருந்த காலத்திலிருந்து பழக்கம். சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லிக் கேட்க வீட்டுக்கு வந்திருந்தா. 35 வயதில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சோதனையை நான் தவறவிட்டிருந்தேன். படலையடியில் வைத்து, பாதி சொன்னேன். மீதியை அவவே விளங்கிக்கொண்டா. முகம் மாறவில்லை.

"அக்கா, இதுக்கெண்டு கிளிநொச்சியிலை, முல்லைத்தீவிலை, வவுனியாவிலை எல்லாம் கவுண்மேந்துக் கிளினிக் இருக்கு. பாலியல் நோய்க் கிளினிக். துண்டு தேவையில்லை, காசும் இல்லை. நேரை போங்கோ."

பிறகு சொன்னா: "நீங்கள் முதல் தரமாப் போய்ச் சோதிக்கப் போறியள் எண்டு நினைக்காதேங்கோ. சின்னவள் வயித்திலை இருக்கேக்கை உங்கடை ரத்தத்திலை சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் பார்த்தனாங்கள்தானே. எல்லாத் தாய்மாருக்கும் பார்க்கிறது."

எனக்கு அது அப்போதுதான் தெரியும். இலங்கையில் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவது ஒழிக்கப்பட்டுவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று கொடுத்தது. அந்தச் சான்றுக்குப் பின்னால் என்னைப்போல ஒன்றும் அறியாமல் கையை நீட்டிக்கொண்டிருந்த கர்ப்பிணிகளின் இரத்தமெல்லாம் இருக்கிறது. நான் வெட்கப்பட்ட அந்தச் சோதனை ஏற்கனவே என் கிளினிக் கொப்பியில் ஒரு வரியாக இருந்திருக்கிறது. போவோம் என்ற துணிவு அந்த ஒரு வார்த்தையில்தான் வந்தது.

முல்லைத்தீவு கிட்ட. ஆனால் அங்கே தெரிந்த முகம் கூட. கிளிநொச்சிக்கே போனேன். மாமியிடம் கண் காட்டப் போவதாகப் பொய் சொன்னேன். ஒட்டுசுட்டானில் ஏறி, மாங்குளத்தில் மாறி, யாழ்ப்பாண பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். ஒரு துண்டு போட்டு நம்பர் தந்தார்கள். நம்பரைத்தான் கூப்பிட்டார்கள், பெயரை இல்லை. பெயர் கூப்பிடப்படாத அந்த அரை மணித்தியாலம் எவ்வளவு பெரிய கருணை என்பதை, ஊர் முழுக்கச் சொந்தமாக இருக்கும் இடத்தில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

டொக்டர் பெண். நான் நினைத்திருந்த கேள்வி எதையும் கேட்கவில்லை. ஏன் போனார், எப்படி விட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியாக எப்போது சேர்ந்தீர்கள், ஆணுறை பாவித்தீர்களா, நோ இருக்கிறதா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று மட்டும் கேட்டா. பிறகு பேனையை வைத்துவிட்டுக் கேட்டா, "அம்மா, நீங்கள் எதுக்குக் கூடப் பயப்பிடுறியள்?"

"எயிட்ஸ்" என்றேன். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம்.

ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில் கோடு ஒன்று கீறிக் காட்டினா. கோட்டின் தொடக்கத்தில் கடைசியாகச் சேர்ந்த நாள். "நாளை இதிலை இருந்துதான் எண்ணவேணும். நீங்கள் பயந்த நாளிலை இருந்து இல்லை." கொனோரியா, கிளமிடியா என்ற பாலியல் நோய்கள் இரண்டும் இரண்டு கிழமைக்குள் சோதனையில் தெரிந்துவிடும். சிபிலிஸ் என்றால் புண் வர 10 நாளும் ஆகலாம், 90 நாளும் ஆகலாம். பெரும்பாலும் மூன்று கிழமையில் வரும், நோவில்லாத புண் என்றபடியால் பெண்களுக்கு வந்ததே தெரியாமல் போய்விடும். அதனால் இரத்தத்தில் மூன்று மாதம் வரைக்கும் திரும்பப் பார்க்கவேண்டும். எச்.ஐ.வி.க்கு ஆய்வுகூடத்தில் செய்யும் புதிய சோதனை 45 நாளில் நல்ல மறுமொழி தரும். விரலில் குத்திப் பார்ப்பதென்றால் மூன்று மாதம். பிறகு இன்னொரு கணக்கும் சொன்னா. எச்.ஐ.வி. இருக்கும் ஓர் ஆணோடு ஆணுறையில்லாமல் சேரும்போது பெண்ணுக்குத் தொற்றுவது 10,000 தடவைக்கு 8 தடவை அளவில் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வேறு பாலியல் நோய் இருந்தால் அது கூடும். "இதை உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லேல்லை. பயத்துக்கு ஒரு அளவு இருக்கவேணும் எண்டு சொல்லுறன்."

இதை வாசிப்பவர் அந்த நாளிலிருந்து மூன்று நாள் தாண்டாதவராக இருந்தால் மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள். 72 மணித்தியாலத்துக்குள் என்றால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கக் குளிசை இருக்கிறது, 28 நாள் எடுக்கவேண்டும். எவ்வளவு கெதியாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எனக்கு அந்தக் காலம் கடந்திருந்தது.

இரத்தம் எடுத்தார்கள். உள்ளே பஞ்சுக் குச்சியால் ஒரு மாதிரி எடுத்தார்கள். ஒரு நிமிடம்கூட இல்லை. எழும்பும்போது அந்த நேர்ஸ் என் சீலைத் தலைப்பைத் தூக்கித் தோளில் போட்டுவிட்டா. அது போதும், அங்கேயே அழுதேன்.

அன்றிரவு சின்னவளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு சோறு குழைத்தேன். ஒரு மறுமொழியும் இன்னும் வரவில்லை. ஆனால் கோப்பையாலும் கையாலும் கிணற்றாலும் மலசலகூடத்தாலும் இது எதுவும் போகாது என்று ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். போனில் நூறு தரம் வாசித்தும் கேட்காத கை அன்று கேட்டது.

திரும்பப் போனபோது சொன்னார்கள்: எச்.ஐ.வி. இல்லை, சிபிலிஸ் இல்லை, மூன்றாம் மாதம் இன்னொரு தரம் பார்க்கவேண்டும். கொனோரியா இருக்கிறது.

நான் தேடித் தேடிப் பார்த்த எந்த அறிகுறியிலும் அது இல்லை. எனக்கு எரிவில்லை, நோவில்லை. பெண்களில் பாதிப்பேருக்கு அப்படித்தான் சத்தமில்லாமல் இருக்குமாம். விட்டால் கருக்குழாய் வரைக்கும் ஏறித் தழும்பாக்கிப் பிள்ளை தங்காமல் செய்யலாம். கண்ணாடியை வைத்துக்கொண்டு நான் பார்த்தது எல்லாம் வீண். இருந்ததை நான் காணவில்லை, இல்லாததைத்தான் ஒவ்வொரு நாளும் கண்டேன். இடுப்பில் ஒரு ஊசி, விழுங்கக் குளிசை. அவ்வளவுதான் மருந்து.

பஸ் ஸ்ராண்டில் இருந்தபோது, நான் எதிர்பார்த்திராத ஒன்று நடந்தது. பயம் போய்விட்டது, போன இடம் வெறுமையாக இருக்கவில்லை. அதற்குக் கீழே, அத்தனை நாளும் மூடுண்டு கிடந்தது எழும்பி வந்தது. இவர் எனக்குப் பொய் சொன்னார். லீவில் வந்து, பிள்ளைகளுக்கு பிஸ்கற் பெட்டி கொடுத்து, என் பக்கத்தில் படுத்தார். அந்தக் கோபத்துக்கும் துக்கத்துக்கும் என்னிடம் இடம் இருக்கவில்லை. எல்லாவற்றையும் நோய் என்ற ஒரு பாத்திரத்துக்குள் போட்டு மூடி வைத்திருந்தேன். நோயைப் பற்றிப் பயப்படலாம், அதற்கு டொக்டர் இருக்கிறார், சோதனை இருக்கிறது, நாள் கணக்கு இருக்கிறது. மற்றதுக்கு எந்தக் கிளினிக்கும் நம்பர் தராது. ஆகவே நான் மற்றதையும் நோய் என்றே பெயர் சொல்லிப் பயந்துகொண்டிருந்தேன்.

இரண்டையும் பிரித்த பிறகுதான் இரண்டையும் பார்க்க முடிந்தது. இரத்தம் சொல்லவேண்டியதை இரத்தம் சொல்லும், அதற்கு ஒரு திகதி இருக்கிறது. மற்றதை நான் அதனிடம் கேட்கக்கூடாது. பல பேர் சோதனை நல்லதாக வந்தும் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று டொக்டர் சொன்னா. எனக்கு அது உடனே விளங்கியது.

அடுத்தது இவரைக் கூட்டிக்கொண்டு போவது. இவர் சம்மதிக்கவில்லை. "எனக்கு மாறீட்டுது, பிறகேன்?" டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கொனோரியாக் கிருமி அந்தப் பழைய குளிசைக்குப் பல நாடுகளில் எப்போதோ பழகிவிட்டது. எரிவு அடங்கினால் நோய் போனதாகாது. இரண்டு பேருக்கும் மருந்து கொடுத்து ஒரு கிழமையாவது விலகி இருக்காவிட்டால் எனக்கு ஊசி போட்டதே வீண். கடைசியாகச் சொன்னேன்: "வராட்டில் இந்தக் கதையை மாமிக்குச் சொல்லுவன்." அது நியாயமான வார்த்தையா தெரியாது. வந்தார். இவரிடமும் கிருமி இருந்தது.

கிளினிக்கில் இவரிடம் ஒரு துண்டு கொடுத்தார்கள், அந்தப் பெண்ணும் எங்காவது ஒரு கிளினிக்கில் காட்டுவதற்கு. இவர் அதை மடித்துப் பொக்கற்றில் வைத்தார். எனக்குப் பொக்கற்றில் வைத்தது என்ன ஆகும் என்று தெரியும். மூன்று நாள் பொறுத்துக் கேட்டேன், இன்னும் கொடுக்கவில்லை, கதைக்கவே விருப்பமில்லை என்றார். அவளோடு கதைக்கச் சொல்லி என் மனுசனை வற்புறுத்த வேண்டிய நிலை எனக்கு வந்ததே என்று பற்றி எரிந்தது. ஆனாலும் வற்புறுத்தினேன். அவளுக்கும் எரிவு இல்லாமல் இருக்கும். அவளுக்கும் தெரியாது. ஒருவேளை அவளுக்கும் குழைத்துத் தீத்த ஒரு பிள்ளை இருக்கும். அவளை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. போனில் துண்டைப் படம் பிடித்து என் முன்னால் அனுப்ப வைத்தேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பிறகு இலக்கத்தை அழிக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. ஐப்பசி மழையோடு வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் கச்சான் போட்டேன். வேறு எதற்காகவும் இல்லை, போடுகிற காலம் அது. மூன்று மாதமும் கொஞ்சமும் பயிர். களை பிடுங்கும்போது மனம் அந்த வரிக்குள்ளேயே நின்றது, அது ஒரு உதவி. போனில் தேடுவதை விட்டேன். முதலில் முடியவில்லை, இரவில் போனை மூத்தவனிடம் கொடுத்து வைத்தேன். விசுவமடுவில் இருக்கும் அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவ நல்ல புத்தி ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து, "நித்திரை கொண்டனியோ?" என்று மட்டும் கேட்பா. இவர் தெற்குப் பக்க வேலையை விட்டுவிட்டு இங்கேயே கூலிக்குப் போகிறார். நான் பிள்ளைகளின் அறையில் படுக்கிறேன். ஏன் என்று மூத்தவன் கேட்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை கேட்காமல் விடுவது கேட்பதைவிடக் கடினம்.

சில இரவுகளில் பயம் திரும்பியது. ஒரு தரம் இருமல், காய்ச்சல். அப்போதும் கலண்டரைப் பார்த்தேன், ஆனால் எண்ணுவதற்கு இல்லை. திகதியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தேன். அந்த வட்டம் வரைக்கும் இதற்கு மறுமொழி இல்லை என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லிப் படுத்தேன்.

தை மாதம் இரண்டு பேரும் போனோம். வேறு வேறு நம்பர். இருவருக்கும் இல்லை என்று வந்தது. டொக்டர் கையைப் பிடித்து, "இனி இதுக்கு வரத் தேவையில்லை" என்றா. வெளியில் வந்து நடந்தோம். இவர், "அப்ப எல்லாம் சரிதானே?" என்று கேட்டார்.

"ரத்தம் சரி" என்றேன்.

அதற்குமேல் இவர் கேட்கவில்லை. பஸ் முறிகண்டியில் நின்றது. எல்லோரும் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினார்கள். இவரும் இறங்கினார். நான் இறங்கவில்லை. யன்னலால் பார்த்தேன், தேங்காய் உடைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் நின்றார். றைவர் ஹோர்ன் அடித்த பிறகுதான் ஓடிவந்து ஏறினார். கையில் ஒரு சுருள் கச்சான், வறுத்த சூட்டோடு.

"வீட்டிலை பிடுங்கினது சாக்குக் கணக்கிலை கிடக்கு" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லி என் மடியில் வைத்தார்.

கடதாசிக்கு ஊடாகச் சூடு சீலையில் பட்டது. மாங்குளம் வரும்வரைக்கும் அதை அப்படியே வைத்திருந்தேன், பிரிக்கவில்லை.